வத்தம்

மிர்ஃபாவிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம்.
பெல்லார்மினும் சதக்கும் பங்கு போட்டு வாங்கிய
பழைய ஃபைபர் படகு.
பெட்ரோல் மட்டும் என் கணக்கு.
எங்கள் ஆலையின் புகைபோக்கி
முதலில் பென்சிலாய், பிறகு குண்டூசியாய்,
பிறகு நாங்களாகச் சொல்லிக்கொண்டால்தான்
இருந்தது.

"வத்தம் இழுக்குது" என்று
பெல்லார்மின் சொல்லி முடிக்குமுன்
அடி உரசி நின்றுவிட்டது.
இனி நாலு மணிக்கு ஏத்தம் வரும்வரை
இந்த ஊர்க்காரர்கள் நாங்கள்தான்.

செருப்பைக் கையில் பிடித்து நடந்தோம்.
யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன
சுலைமானியின் சூடு தண்ணீருக்கு.
எட்டு வருடமாய் இந்தக் கடலிலிருந்து
உப்பைப் பிரிக்கிறேன்.
அதன் எண்களெல்லாம் மனப்பாடம்.
கால் நனைந்தது இன்றுதான்.

பெயர்ப்பலகை இல்லை. நிழல் இல்லை.
மணல் முடிந்ததும் உப்புத்தரை,
வெள்ளையாய்,
வேறு யோசனை எதுவுமின்றிக் கிடந்தது.
இடுப்பளவுகூட வளராத
ஏழெட்டுக் கண்டல் செடிகள்
சேற்றுக்கு வெளியே விரல்களை நீட்டி
மூச்சு விட்டன.

அப்புறம் அந்த நாற்காலி.
பிளாஸ்டிக். ஒரு கை ஒடிந்தது.
நாலு காலும் மணலுக்குள்,
முதுகில் சிப்பி.
எந்தக் கப்பலோ, எந்தக் கல்யாணமோ.

ஜெரினா போய் உட்கார்ந்தாள்.
அவ்வளவுதான்,
கரைக்கு முன்பக்கம் என்று ஒன்று வந்துவிட்டது.
"இங்க ஒரு டீக்கடை" என்றான் சதக்.
டீக்கடைக்கு எதிரே பார்க்கிங்,
பார்க்கிங்குக்கு ரோடு, ரோட்டுக்கு விளக்கு,
விளக்கைப் போட ஆள்,
ஆளுக்கு ஒரு கேம்ப்,
கேம்புக்குத் தண்ணீர்...
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
தினம் இத்தனை லட்சம் காலன் என்று
வாய்க்கு வந்ததைச் சொல்லி
நானும் கையெழுத்துப் போட்டேன்.
சிரித்தோம்.
வெயிலில் நகரம் வியர்த்துக்கொண்டிருந்தது.

தூரத்தில் தண்ணீர் ஒருமுறை முதுகைக் காட்டியது.
"ஆவுளியா" என்றான் தங்கச்சிமடத்துப் பெல்லார்மின்,
தொட்டிலில் பிள்ளை தூங்கும் வீட்டில்
பேசுவதுபோல்.
நான் திரும்புவதற்குள்
வெறும் தண்ணீர்.
டீக்கடையைப் பற்றி அப்புறம்
சதக்கூட எதுவும் கேட்கவில்லை.

நாலே காலுக்குப் படகு தானாக அசைந்தது.
ஜெரினா நாற்காலியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி
தலையில் கவிழ்த்துக்கொண்டு
தண்ணீரில் இறங்கினாள்.
இது எதுக்கு என்றேன்.
"இருந்தா
யாராவது வந்து உக்காருவாங்க."

பெல்லார்மின் எஞ்சினோடு,
சதக் பெட்ரோல் கேனின் மேல்,
நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே
குண்டூசி பென்சிலாகும்வரை வந்தோம்.
நாற்காலி நடுவில்
எங்களுக்கு முதுகு காட்டி,
கால்களில் இன்னும் அந்த ஊர் மண்.