உள்ளே ஒன்றுமில்லை

ஏற்காட்டிலிருந்து இறங்கும் பேருந்தில்
நடத்துநர் கேட்டார்: "உள்ள என்னம்மா?"
"ஒண்ணுமில்லைண்ணா."
விரல் முட்டியால் பெட்டியைத் தட்டிப் பார்த்தவர்
ஒன்றுமில்லாததற்கு
ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் மடியில்தான்.
குளிரிலிருந்து வெயிலுக்கு இறங்க இறங்க
கம்பிகள் தளர்ந்தன.
செரில் டீச்சர் சுருதி சேர்த்துத் தந்த ஆறில்
அடிவாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் பெர்த்துக்குப் போகிறார், மகனிடம்.
கட்டில், பியானோ, நாய் எல்லாம் போன வீட்டில்
இது மட்டும் ஜன்னலோரம் சாய்ந்திருந்தது.
நடுவில் மஞ்சள், ஓரமெல்லாம் கருப்பு,
எண்ணெயில் ஒரு நொடி அதிகம் கிடந்த அப்பளம்.
முப்பத்தெட்டாயிரம், மூன்று தவணை.
"மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும், பார்த்துக்கோ" என்றார்.

ஈரத்தைப் பார்த்துக்கொள்வதற்குத்தான்
எனக்குச் சம்பளமே.
ஆத்தூர் ரோட்டுச் சேகோ ஆலையில்
ஜவ்வரிசியை அள்ளி, அளந்து,
பன்னிரண்டு சதத்துக்கு மேல் போனால்
லாரியைத் திருப்பி அனுப்புகிறவள் நான்.
கிட்டங்கிச் சுவரில் தொங்கிய ஈரமானி ஒன்று
இப்போது கிட்டார் பெட்டிக்குள் இருக்கிறது.
கேட்டால் கொடுத்துவிடுவேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

சூரமங்கலத்தில் மாடி வீடு.
கீழே செங்கோடன் சார், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்.
கூட்ஸ் வண்டி கடந்தால் புரண்டுகூடப் படுக்கமாட்டார்,
ஸ்பூன் விழுந்தால் எழுந்து விளக்கைப் போடுவார்.
அதனால்தான் இதை வாங்கினேன்.
திடக்கட்டைக் கிட்டார் மின்சாரம் இல்லாமல் வாய் திறக்காது.
இது, ஒயரைச் செருகாமலே
பக்கத்து அறையில் யாரோ ரகசியம் பேசுகிற அளவுக்குப் பேசும்.
இரவு பதினொன்றுக்கு எனக்கு அது போதும்.

அதன் மார்பில் இரண்டு ஓட்டைகள், எஃப் வடிவம்.
தமிழில் எழுதிப் பாருங்கள்,
நடுவில் ஆய்தம் வந்து நிற்கும்.
தன் பங்குக்கு அதுவும் மூன்று ஓட்டை.
பள்ளியில் அதற்கு உதாரணம் கேட்டால்
எல்லோரும் எஃகு என்போம், உருக்காலை ஊர்க்காரர்கள்.
எஃகுக் கம்பி ஆறு
இந்த ஓட்டைகளுக்கு நடுவே ஓடுவது
சரியாகத்தான் இருக்கிறது.

விழுந்தால் எடுப்பது கஷ்டம்.
பிளெக்ட்ரம் நழுவி உள்ளே போனால்
தலைகீழாகத் தூக்கி, குலுக்கி,
சைக்கிள் கம்பியால் துழாவி,
தெருவில் பார்ப்பவர்களுக்கு
உண்டியல் உடைக்கிறவள் மாதிரி இருப்பேன்.
போன வாரம் மூன்று பிளெக்ட்ரம் வந்தன,
கூடவே ஒரு கம்மல் திருகாணி.
என்னுடையது இல்லை. செரிலுக்குப் படம் அனுப்பினேன்.
"எனதும் இல்லையே" என்று பதில் வந்தது.
ஐந்தாம் கம்பி, மூன்றாம் ஃப்ரெட்டில் மட்டும்
இன்னும் ஏதோ கிலுகிலுக்கிறது.
நடத்துநரிடம் நான் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம்.

கிறிஸ்துமஸ் இரவு, மலையில் மாதா கோயில் கூடம்.
சகாயம் டிரம்ஸ், குணவதி பேஸ்.
மைக் சரியில்லை, நாற்காலிகள் போதவில்லை,
பனி கதவு வழியே வரிசையில் வந்து உட்கார்ந்தது.
"இன்னும் சத்தம்" என்று கடைசி பெஞ்ச் கத்தியது.
திருகினேன்.
ஸ்பீக்கரின் சத்தம் வயிற்றுக்குள் புகுந்து
அங்கிருந்து மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்
ஊளையிட ஆரம்பித்தது கிட்டார்.
"குக்கரை இறக்குங்கம்மா" என்றது முன்வரிசை.
காதைப் பொத்தின குழந்தைகள்.

ஓட்டையைக் கையால் மூடலாம்.
துணி அடைத்து வாசிக்கிறவர்கள் உண்டு.
நான் ஓரடி நகர்ந்தேன், பிறகு
முதுகை லேசாகத் திருப்பினேன்,
ஊளை சற்று இறங்கி, தடுமாறி,
ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டது.
விலா எலும்பு வழியாக எனக்கு அது தெரிந்தது.
கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தேன்.
மற்றதையும் எடுத்தேன்.
நின்றது சுரம், அப்படியே, யாரும் வாசிக்காமல்.
சகாயம் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுப் பார்த்தான்.
குணவதி என் கைகளைப் பார்த்தாள்.
பங்குத் தந்தை
கடிகாரத்தைப் பார்த்தார்.