முந்நூற்றுப் பதினைந்தாம் ஆசனம்

மகரகமயிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் இரத்தம்
138 பஸ்ஸில் வந்தது, மிஸ்ரியாவோடு.
ஆட்டோவுக்குக் காசு இந்த மாதமும் வரவில்லை.
மதகுருமாருக்கான ஆசனத்தில் பெட்டியை வைத்தாளாம்.
கொண்டக்டர் ஏசினானாம்.

நாங்கள் செய்வதும் அதுதான்.
கைனேஸின் குழிக்குள்
ஏ.ரீ.பீ. வந்து உட்காருமுன்
சிறு மூலக்கூறொன்றை உட்கார வைப்பது,
எழும்பாதே என்று கேட்டுக்கொள்வது.
பொஸ்பேற்று கைமாறாவிட்டால்
'பெருகு' என்ற சொல் கருவைச் சேராது.

முதல் வாரங்களில் சேரவில்லை.
இருட்டறையில் கழுவிய ஃபிலிமில்
கறுப்புக் கோடே இல்லை.
மிஸ்ரியா எல்லாருக்கும் கட்லட் வாங்கினாள்.

இன்று கோடு திரும்பியிருக்கிறது.
மெல்லியது. ஆனாலும் கோடு.
தொடரை வாசித்தோம்:
முந்நூற்றுப் பதினைந்தில்
திரியோனின் போய் ஐசோலூசின்.
ஒரேயொரு ஹைட்ரஜன் பிடி விட்டுப்போயிற்று.
ஏ.ரீ.பீ. வழமைபோல் வந்து உட்காருகிறது,
மருந்துக்கும் இடமில்லை.

பொரளையில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமுகிறது.
மைனஸ் எண்பது பெட்டியில் இப்போது
மைனஸ் அறுபத்திரண்டு.
குழாயில் பெயரில்லை, எண் 27.
பிறந்த ஆண்டு என்னுடையது.

டோர்ச் வெளிச்சத்தில் மிஸ்ரியா
குழியை மறுபடி வரைகிறாள்,
ஒரு மூலையை ஒடுக்கி.
"இதுக்குள்ள யாரை உக்கார வைக்கிற?"