புதன் கடைசிப் பீரியடு

கூட்டத்துக்குப் பிந்திப் போனேன்.
யோகாவும் நூலகமும் கைமாறியிருந்தன.
மிச்சம் இருந்தது தோட்டம்.
வெண்டை இலைக்கும் புளிச்சக்கீரைக்கும்
பேதம் தெரியாத என்னைப்
பொறுப்பாசிரியர் என்றெழுதி
முத்திரையும் குத்திவிட்டார் தலைமையாசிரியை.

கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில்
ஒன்றரை சென்ட்.
வெட்டினால் மண்ணுக்கு முன்னால் வருபவை:
ஓட்டுச்சில், பேனா மூடி,
பனியன் கம்பெனிப் பொத்தான்,
பல்லடம் ரோட்டுச் சரளை.

தொட்டி வாங்கக் காசில்லை.
மௌலிகாவின் அப்பாவுக்கு நிட்டிங்கில் வேலை.
நூல் தீர்ந்த காகிதக் கோன்கள்
ஒரு சாக்கு நிறைய வந்தன.
கூர் முனையைக் கீழே செருகி மண்ணைப் போட்டோம்.
ஆளுக்கொன்று.
அறுபத்து நான்கு பேர்,
அறுபத்து நான்கு பெயர்,
ஸ்கெட்ச் பேனாவில்.

பந்தலுக்கும் கட்டிங் வேஸ்ட்தான்.
சிவப்புக் கீற்றில் அவரைக் கொடியைக் கட்டினோம்,
அன்று ராத்திரியே மழை.
சாயம் இறங்கித் தண்டு சிவந்து நின்றது.
"மிஸ்ஸு, காயும் செவப்பாக் காய்க்குங்களா?"
காய்க்காது என்றேன்.
"எங்க கெணத்துல தண்ணியே செவப்பா வந்துச்சுங்களே."
அதற்குப் பதில் என்னிடமும் இல்லை,
ஐந்தாம் வகுப்பு அறிவியலிலும் இல்லை.

போர்த் தண்ணி உப்பு; இலையோரம் கருகுது.
நல்ல தண்ணி பத்து நாளைக்கொரு தரம்.
பாட்டிலில் கொண்டுவந்ததைக் குடிக்காமல்
சாயந்தரம் செடிக்கு ஊற்றினார்கள்.
நாக்கு வறண்டு வந்த பிள்ளைகளுக்காக
இரண்டு அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள்.
நியாயமான சண்டை.

லிபுன் ஒடிசாவிலிருந்து வந்தவன்.
பேச மாட்டான்.
விரலின் முதல் கணு வரை மண்ணில் அழுத்துவான்,
விதையைப் போடுவான், மூடுவான்.
அடுத்த வாரம் எல்லா விரல்களும்
கணு வரைதான் இறங்கின.
நான் சொல்லிக்கொடுத்ததாக
ஆண்டறிக்கையில் இருக்கிறது.

தரணீஷுக்குப் பொறுக்காது.
தினமும் தோண்டிப் பார்ப்பான்,
விதை எங்கேயும் போய்விடவில்லையென்று
தெரிந்துகொண்டு திரும்ப மூடுவான்.
நாலு விதை அப்படியே போயின.
திட்டிவிட்டு நோட்டில் எழுதினேன்:
வரிசை ஏழு, குழி நான்கு, முளைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மயில்கள் வந்தன.
தண்டங்கீரைப் பாத்தி மொத்தமும் போச்சு.
திங்கள் காலை பிரேயரில் அழுகைச் சத்தம்.
"தேசியப் பறவைங்க, ஒண்ணும் பண்ணக் கூடாதுங்க"
என்றது ஒன்று.
"அதுக்குத் தெரியுமா அது தேசியப் பறவைன்னு"
என்றது மற்றொன்று, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

ஐப்பசியில் பதினொரு வெண்டைக்காய்.
அதில் மூன்று முற்றல்.
பதினொன்றை அறுபத்து நான்கால் வகு என்று
போர்டில் எழுத நினைத்து விட்டுவிட்டேன்.
சத்துணவுத் துளசிமணியக்கா
"இத வெச்சு நான் ஊருக்கே ஊத்தோணுமாக்கும்" என்று
காசு காசாக அரிந்தார்,
அரிவாள்மனைக்கே வலிக்காதபடி.

தட்டில் வட்டம் விழுந்தவன் எழுந்து நின்று காட்டினான்.
விழாதவர்கள் கரண்டியையே பார்த்தார்கள்.
லிபுன் தன்னுடையதைத் தட்டோரம் ஒதுக்கிக்
கடைசியாகத் தின்றான்.
பிறகு இந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் முறையாகத்
தமிழில் ஒரு வார்த்தை சொன்னான்:
"இன்னொன்னு."

தரணீஷ் தின்னவில்லை.
புதன்கிழமை டவுசர் பாக்கெட்டிலிருந்து எடுத்தான்,
மஞ்சள் ஏறிப் புளி ஊறிய
வெந்த விதைகள் நாலு.
கணு வரை அழுத்தினான், மூடினான்.
"எழுதுங்க மிஸ்ஸு."

வெந்தது முளைக்காதடா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
பெல் அடித்துவிட்டது.
எழுதினேன்:
வரிசை ஏழு, குழி நான்கு, சாம்பார் வெண்டை.

மூன்று புதன் கடந்துவிட்டது.
அவன் பாட்டில் தண்ணீர்
தவறாமல் அங்கேதான் விழுகிறது.
இந்தத் தடவை அவன்
தோண்டிப் பார்க்கவேயில்லை.

நான்தான் நேற்று,
வேன் போனபிறகு,
கேட்டைப் பூட்டப் போனவள்
திரும்பி வந்து குந்தி
ஒரு விரலால்.