வாளி

வாளி இன்னும் படகில்தான் இருக்கிறது.
நீல பிளாஸ்டிக். பிடி ஒடிந்து
கம்பி கட்டியது.
டாக்டர் எலிசேயோ பாரியெந்தோஸ்
பத்தொன்பது ஆண்டுகள்
அதற்குள்தான் வாந்தி எடுத்தார்.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவர்.
கடல் ஆகாது. நீச்சல் தெரியாது.
காஸ்த்ரோ துறைக்கு வரும்போதே முகம் வெளுத்து
"நோல்பெர்த்தோ, இன்று அலை எப்படி?" என்பார்.
"ஒன்றுமில்லை, டாக்டர்" என்பேன்.
பொய்யென்று அவருக்கும் தெரியும்.
ஏறிக்கொள்வார்.

செலின், கெவி,
சிலோயே மழைக்குள் பாதி கரைந்துபோன
மற்றத் தீவுகள்.
முழங்கால் தண்ணீரில் இறங்கி
வாயைக் கொப்பளித்து
ஈரக் கையால் தலையைக் கோதி
அதற்கப்புறம்தான் டாக்டர் ஆவார்.

முதலில் நாயின் பெயரைக் கேட்பார்.
பிறகுதான் நோவு எங்கே என்று.
ஸ்டெதாஸ்கோப்பை அக்குளில் செருகிக்கொண்டு
உருளைக்கிழங்கில் விழுந்த நோயைப் பற்றி,
கூரைத் தகரத்தின் விலையைப் பற்றி
ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்,
அது சூடாகும் வரை.
அவர் தொட்டு
யார் நெஞ்சும் சில்லிட்டதில்லை.

கூலியாக ஒரு மூட்டைக் கிழங்கு,
புகைபோட்ட மட்டி ஒரு சரம்,
ஒருமுறை உயிரோடு ஒரு வாத்து.
வாத்து வழியெல்லாம் கத்தியது.
அவர் வழியெல்லாம் வாந்தி எடுத்தார்.
நான் சிரித்துச் சிரித்துத் திசை தவறினேன்.

அவர் கையெழுத்து மருந்துக்கடை லுத்கார்தாவுக்கு மட்டுமே புரியும்.
என் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு
ஒரு சீட்டு எழுதித் தந்தார்.
அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
கடை நிறைய ஆள் இருக்கும்போதே
சத்தமாகப் படித்தாள்:
"உப்பைக் குறை.
மனைவியிடம் மன்னிப்புக் கேள்."
மாத்திரை ஒன்றும் எழுதவில்லை.
வீட்டுச் சண்டையை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

ஒரே ஒரு நாள் அவர் வாந்தி எடுக்கவில்லை.
ஆகஸ்ட். எதிர்க்காற்று.
ரொசெந்தாவின் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
தொட்டிலை ஏற்கெனவே
சுவரோரம் திருப்பி வைத்திருந்தார்கள்.

திரும்பும் வழியில்
அலை படகைத் தூக்கித் தூக்கி அடித்தது.
வாளியை மடியில் வைத்து
அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்றும் வரவில்லை.
துறையில் இறங்கிய பிறகு கேட்டார்:
"இந்த எஞ்சினை மாற்ற எவ்வளவு ஆகும்?"

அந்த வசந்தத்தில் தன் காரை விற்றார்.

அதே எஞ்சின்தான்
நேற்று அவரைக் கொண்டுபோனது.
கெவியில் புதைக்கச் சொல்லியிருந்தாராம்.
"திரும்பி வரும் பயணம் ஒன்றாவது மிச்சம்"
என்று சிரித்தாராம்.

பின்னால் பதினேழு படகுகள்.
பாதிப் படகுகளில் நாய்கள்.
தெற்கிலிருந்து அலை, நல்ல உயரம்.

பெட்டியைக் கயிற்றால் இறுக்கினேன்.
இறுக்கிவிட்டு நிமிர்வதற்குள்
கை தானாகப் போய்
வாளியை எடுத்துத்
தலைமாட்டில் வைத்தது.
அவர் மகள் பார்த்தாள்.
கால் இடறாதபடி
அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

முனை திரும்பும் இடத்தில்
வழக்கம்போல் வேகத்தைக் குறைத்தேன்.
பதினேழு படகுகளும் குறைத்தன.

"ஒன்றுமில்லை, டாக்டர்," என்றேன்,
"இன்று அலை ஒன்றுமேயில்லை."