கருமணல் வகுப்பு

நான் கொண்டுபோன லாடக் காந்தத்தில்
ஒட்டியது நாலே துகள்.
ரெக்ஸ்லின் பையிலிருந்து எடுத்தான்,
குருசடித் திருவிழாவில் கிழிந்த ஸ்பீக்கரின்
வட்டக் காந்தம்.
மணலில் ஒரு புரட்டு.
கறுகறுவென்று தாடி.
"சார், இதுக்கு சவரம் பண்ணணும்."
மணவாளக்குறிச்சிக் கரையில் வகுப்பே உருண்டு சிரித்தது.

பிறகு, கதிர்வீச்சை எண்ணும் பெட்டியைத் திறந்தேன்.
டிக். டிக்டிக். டிக்.
சிரிப்பு நின்று
காதுகள் குனிந்தன.
தோரியம், என்றேன்.
ஈர மணலில் எழுதியும் காட்டினேன்;
அலை முதல் எழுத்தைக் கொண்டுபோயிற்று.

பாதி தேயவே ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு
என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையில்
டெல்பின் கேட்டாள்:
"எங்க வீட்டு முற்றத்திலயும் வச்சுப் பாப்பமா?
தம்பி அங்கதான் தவழுகான்."

குறிப்பேட்டை மூடினேன்.
பெட்டி டெல்பின் கையில்,
இருபத்தாறு பேர் பின்னால்,
எண்ணிக்கொண்டே நடந்தோம்.