தலைப்பு இல்லாத செலவு

கொச்சியிலிருந்து வந்த வேனில்
மூன்று பொருள் இறக்கினார்கள்:
விரல் பதிக்கும் இயந்திரம்,
சிரிக்கும் முகங்கள் அச்சடித்த பதாகை,
பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி.
சாவியை என்னிடம் தந்தார்கள்.

காலைவரை நான் டைம்கீப்பர்.
மதியம் முதல் ஊழியர் நல்லுறவு அலுவலர்.
சம்பளம் அதே.
நாற்காலிக்கு மட்டும் சக்கரம் முளைத்தது.

இயந்திரம் முதல் நாளே தோற்றது.
அண்டித்தோட்டின் எண்ணெய் தின்ற விரலில்
ரேகை எங்கே இருக்கும்?
இருபத்தெட்டு வருஷம் உடைத்த தாசம்மாளை
யாரென்று தெரியவில்லை என்றது
எந்த ஊர்க்காரியும் இல்லாத ஒரு குரலில்.
"எனக்கும் அவளத் தெரியாது"
என்று போய் உட்கார்ந்தாள் தாசம்மாள்.
யாருக்கும் சொல்லாமல்
பழைய பேரேட்டை மறுபடி எடுத்தேன்.

பெட்டி முதல் வாரம் காலி.
இரண்டாம் வாரம்
சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி:
கக்கூசுக் கதவுக்குத் தாழ்ப்பாள்.
மின்னஞ்சலில் அனுப்பினேன்.
உங்கள் கருத்தை மதிக்கிறோம் என்ற பதில்
நான் கையை எடுக்குமுன் வந்துவிட்டது.

மூன்றாம் வாரம் நாற்பத்தொரு சீட்டு.
தாழ்ப்பாள் என்று சிலர், கொண்டி என்று சிலர்,
களியக்காவிளைப் பக்கத்துக்காரிகள் குற்றி என்று.
ஒரே கதவு.
தலைமையகம் அதை மூன்று புதிய யோசனைகளாக எண்ணி
பச்சைக் கோடு ஒன்று அனுப்பியது,
ஏறிக்கொண்டே போகிற கோடு.
பதாகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

(பழைய முதலாளி மட்டும் போட்டாரா?
கொல்லத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து
பேர் சொல்லித் திட்டுவார்.
பேர் தெரியும், அவ்வளவுதான்.
அப்போதும் ஒருத்தி உள்ளே போனால்
ஒருத்தி வெளியே கதவில் முதுகு கொடுத்து நின்றாள்.)

இப்போது அந்த முதுகையும் கணக்கெடுக்கிறார்கள்.
இரண்டு இருக்கை காலி, பதினொரு நிமிடம் இழப்பு.
தாழ்ப்பாள் போட்டால் பாதி மிச்சமாகும் என்று
அவர்கள் பாஷையிலேயே எழுதிப் பார்த்தேன்.
வேறு பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.

சனிக்கிழமை கருங்கலில் பஸ் இறங்கி
அறுபத்தைந்து ரூபாய்க்கு
ஒரு தாழ்ப்பாளும் நாலு ஆணியும் வாங்கினேன்.
ஞாயிறு ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு
நானே அடித்தேன். ஓர் ஆணி வளைந்தது.
ரசீது திரும்பி வந்தது:
இச்செலவுக்குக் கணக்குத் தலைப்பு இல்லை.

போகட்டும்.
உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது,
ஒளிப்பானேன்.
யாராவது நன்றி எழுதியிருப்பார்கள் என்றுதான்
வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கினேன்.
தூக்கும்போதே கனத்தது.

சில்லறை.
ஒன்றும் இரண்டும் ஐந்துமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு,
அறுபத்தைந்து ரூபாய், சரியாக.
கூடவே றோஸ்லெட்டின் கையெழுத்து:

"சாரே, நீங்க போட்டா அது தயவு.
நாளைக்கு உங்கள மாத்தினா
அதும் கூடவே போவும்.
கம்பெனி போடணும்.
ரூவாய எடுத்துக்கிடுங்க.
நாங்க இன்னும் எழுதுவோம்."

தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லவில்லை.
ஒருத்தியாகத்தான் போகிறார்கள் இப்போது.
நான்தான் நாணயங்களை மேசைமேல் அடுக்குவதும்
கலைப்பதுமாக இருக்கிறேன்.
வரவு வைக்கவும் ஒரு தலைப்பு வேண்டுமே.

மாத அறிக்கையின் கடைசிக் கேள்வி
திரையில் காத்திருக்கிறது:
இம்மாதம் ஊழியர் உறவு எப்படி இருந்தது?
நன்று. மிக நன்று.
இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.