இருபது சாப்பாடு

வியாழக்கிழமை, ஒன்றே கால் மணி.
காரைக்குடி நூறடி ரோட்டில்
ஹோட்டல் மாடி, ஏ.சி. ஹால்.
வந்தாலும் வராவிட்டாலும் இருபது சாப்பாட்டுக்கு
தலைக்கு நூற்றெண்பது வீதம் தருவதாக
போன ஜூலையில் கையெழுத்துப் போட்டது நான்.
உமையாள். மருந்துக்கடை. சங்கத்தின் பொருளாளர்.

தலைவர் மணி அடிக்கிறார்.
கனத்த பித்தளை மணி. கீழே டீ மாஸ்டர்
தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நிமிர்வாராம்.
தலைகளை எண்ணுகிறேன். பதின்மூன்று.
ஏழு சாப்பாடு காற்றுக்கு.

இறைவணக்கம். உறுதிமொழி.
சட்டையில் சங்கப் பின் குத்தாத நாச்சியப்பனுக்கு
அபராதம் பத்து.
போன் அலறிய ஜபருல்லாவுக்கு இருபது.
பேத்தி பிறந்ததென்று வயிரவன்
தானாகவே ஐந்நூறு போட
ஹால் ஒரு தரம் சிரித்து ஓய்ந்தது.

செயலர் வாசித்தார்:
தையல் மிஷின் இரண்டு.
கண் முகாம், பதினோரு பேருக்கு ஆபரேஷன்.
மரக்கன்று நூறு
(ஆடு தின்றது போக மிச்சம் எத்தனை
என்று யாரும் கேட்பதில்லை).

இன்றைய பேச்சாளர் முனைவர் இளம்பரிதி.
தலைப்பு, பதற்றமில்லா வாழ்க்கை.
மதுரையிலிருந்து வந்தவருக்கு
திருப்பத்தூர் தாண்டி டயர் பஞ்சர்.
போனில் ரொம்பப் பதறினார்.

அந்த நேரம் பார்த்து சேசுராஜ் வந்தார்,
சங்கத்தின் குளிர்பெட்டி வண்டியை ஓட்டுகிறவர்.
சாவி கொடுக்க வந்தவர்
வாசல் மிதியடியிலேயே நின்றுகொண்டார்.
தலைவர் கையில் இருபது நிமிஷம் சும்மா கிடந்தது.
"நீங்க ஒரு நாலு வார்த்தை பேசுங்களேன், சேசு"
என்று மைக்கை நீட்டினார், விளையாட்டாகத்தான்.

"துட்டி வீட்லேர்ந்து வர்றேங்கய்யா. குளிக்கல."
அடைக்கப்பன் நாற்காலி
ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்ததைத்
தரை கீச்சென்று சொல்லிவிட்டது.

மைக் இல்லாமல், நின்ற இடத்திலேயே பேசினார்.

"போன வாரம் கானாடுகாத்தான்ல ஒரு வீடு.
முகப்புலேர்ந்து பின்கட்டு வரைக்கும்
பெட்டியத் தள்ளிக்கிட்டே போகலாம், எங்கயும் இடிக்காது.
ஆச்சி இறந்தது மெட்ராஸ்ல.
மகன் சிங்கப்பூர்லேர்ந்து வர ஒன்றரை நாள்.
வீட்டுல கரண்டு வெட்டி ரெண்டு வருசமாம்.
எதுத்த பெட்டிக்கடைலேர்ந்து ஒயர் இழுத்தோம், எட்டல.
ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இழுத்தோம்.
விடிய விடிய நானும் வாட்ச்மேனுந்தான்
ஆச்சிகூட இருந்தோம்.

இன்னைக்குப் போனது கழனிவாசல் பக்கம்.
ஒத்தை ரூம்பு. கதவக் கழட்டியும் பெட்டி நுழையல.
தெருவுல வெச்சு தார்ப்பாய் கட்டுனோம்.
சனம் அவ்வளவு. நடக்க எடமில்ல.
அங்கயும் ஒயர் எட்டல.

முப்பது மீட்டர், நல்ல கெட்டி ஒயர்,
ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க.
அவ்வளவுதான்."

பழக்க தோஷத்தில் ஒருவர் கை தட்டத் தொடங்கி
மூன்றாவது தட்டில் தனியானார்.
அதே பழக்கத்தில் தலைவர்
பொன்னாடையும் ஷீல்டுமாக எழுந்துவிட்டார்.
குளிக்காத தோளுக்கும் அவர் கைக்கும் நடுவே
பொன்னாடை தொங்கியது, சற்று நேரம்.
சேசுராஜ் ஷீல்டைப் பார்த்தார்.
"இதுல வேற ஆளு பேருங்க போட்டிருக்கு" என்றார்.
"வண்டி ரோட்டை மறிச்சு நிக்குது" என்று இறங்கிவிட்டார்.

வெண்டைக்காய் மண்டி ஆறிப்போயிருந்தது.
யாரோ உப்பு கம்மி என்றார்கள்.
நான் சப்ளையரிடம் ஏழையும் பார்சல் கட்டச் சொல்லி
படி இறங்கி ஓடினேன், இந்த முட்டியோடு.
பின்கதவைத் திறக்கப் போனவளைத் தடுத்தார்.
"முன்சீட்டுல வைங்கம்மா.
பின்னாடி வேணாம்."

ஜபருல்லா எலக்ட்ரிகல்ஸில் ஒயர் எடுத்தேன்.
பத்து சதவீதம் கழிவு.
அதற்கு மேல் பேசியதற்கு
அபராதத்தை ஞாபகப்படுத்தினார்.

கணக்கில் எழுதியிருக்கிறேன்:
மதிய உணவு, இருபது, மூவாயிரத்து அறுநூறு.
முதல் தடவையாக அந்த வரியில்
என் பேனா தயங்கவில்லை.

அடுத்த வியாழன் அதே பேச்சாளர், அதே தலைப்பு.
ஷீல்டு என் பீரோவில் இருக்கிறது.